பம்புசெட் ஸ்டார்ட்டருக்கான மின்னணு உதிரிகள்: எந்தச் சுங்கத் தலைப்பில் அறிவிப்பது?

கேள்வி: பாபநாசம் வட்டத்தில் சிறு பட்டறை நடத்துகிறோம். விவசாயப் பம்புசெட்டுகளைக் கைப்பேசி மூலம் இயக்கும் மொபைல் ஸ்டார்ட்டர்களைத் தயாரித்து விற்கிறோம். அதற்கான உதிரிகள் ஷென்சென் நகரிலிருந்து இதுவரை சிறு பொட்டலங்களாகக் கூரியரில் வந்தன. விற்பனையாளர் விலைப்பட்டியலில் ‘எலெக்ட்ரானிக் பாகங்கள்’ என்று ஒரே வரி எழுதி 8542 என்ற எண்ணைக் குறிப்பிடுவார்; அடிப்படைச் சுங்க வரி விழாமல் வந்துவிடும். குறுவைப் பருவத்தை ஒட்டி முதன்முறையாகப் பெரிய அளவில் வரவழைத்த சரக்கு இப்போது சென்னை விமானச் சரக்கு வளாகத்தில் நிற்கிறது. ரிலே போர்டுகள் 8537, ஜி.எஸ்.எம். மாட்யூல்கள் 8517 என்கிறார் அதிகாரி. ‘ஸ்டார்ட்டர் பாகங்கள்’ என்று எல்லாவற்றையும் 8538-இல் போட்டு முடித்துவிடலாம் என்கிறார் எங்கள் சுங்க முகவர். எதை ஏற்பது? பழைய பொட்டலங்களால் பின்னால் தொல்லை வருமா?

பதில்:

அன்புள்ள ஐயா, வணக்கம்.

முதலில் நேரடியான விடையைச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் 8542-இல் போட்டதும் சரியல்ல. எல்லாவற்றையும் 8538-இல் போடச் சொல்வதும் சரியல்ல. அதிகாரி சொல்லும் இரண்டு எண்களுக்கும் சட்டத்தில் அடிப்படை இருக்கிறது. ஆனால் அவை உங்கள் சரக்கின் ஒவ்வொரு வகைக்கும் பொருந்துகின்றனவா என்பதைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது எண்ணைவிட ‘எலெக்ட்ரானிக் பாகங்கள்’ என்ற அந்த ஒற்றை வரிதான். அதன் காரணத்தைப் பழைய பொட்டலங்களைப் பற்றிப் பேசும்போது விளக்குகிறேன்.

உலகச் சுங்க அமைப்பு வகுத்த எச்.எஸ். பட்டியல், அதாவது பொருள்களை எண்ணிட்டு வகைப்படுத்தும் பொதுப் பட்டியல், 1988 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதில் முதல் நான்கு இலக்கங்களைத் தலைப்பு என்கிறோம். அதன் முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்குப் பின் வரும் இலக்கங்களை அந்தந்த நாடு தன் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்கிறது. நம் நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சுங்கக் கட்டணச் சட்டத்தின் முதல் அட்டவணை எட்டு இலக்கங்கள் வரை செல்கிறது. ஆகவே சீன விற்பனையாளர் எழுதி அனுப்பும் எண் அவருடைய ஏற்றுமதி ஆவணத்துக்கு உரியதே தவிர, இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. 2011 முதல் இறக்குமதியாளரே வரியைச் சுயமாக மதிப்பிட வேண்டும் என்பது சுங்கச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. பில் ஆஃப் என்ட்ரியில், அதாவது சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதி அறிவிப்பில், உள்ள விவரம் முழுமையாகவும் சரியாகவும் இருப்பதற்கு இறக்குமதியாளரே பொறுப்பு என்பது 46(4ஏ) பிரிவு. விற்பனையாளர் எழுதினார், கூரியர் நிறுவனம் தாக்கல் செய்தது, முகவர் சொன்னார் என்பவை அந்தப் பொறுப்பை இறக்கி வைக்க உதவா.

இனி ‘பாகம்’ என்ற வாதத்துக்கு வருவோம். ரிலே, மின்தேக்கி, மைக்ரோகன்ட்ரோலர் அனைத்தும் கடைசியில் ஸ்டார்ட்டருக்குள்தான் போகின்றன. ஆகவே அவை ஸ்டார்ட்டரின் பாகங்கள் என்பது பட்டறையில் முழுக்கச் சரியான பேச்சு. சுங்க அட்டவணையோ வேறு வழியில் நடக்கிறது. 84, 85ஆம் அத்தியாயங்கள் அடங்கிய 16ஆம் பகுதியின் இரண்டாம் குறிப்பு இதற்கு மூன்று படிகளை வகுத்திருக்கிறது. உங்கள் பாகமே இந்த இரு அத்தியாயங்களில் ஏதேனும் ஒரு தலைப்பில் பெயர் பெற்ற பொருளாக இருந்தால், அது எந்த இயந்திரத்துக்குள் போனாலும் அந்தத் தலைப்பிலேயே நிற்கும். இது முதல் படி. அப்படித் தனித் தலைப்பு இல்லாமல், குறிப்பிட்ட ஓர் இயந்திரத்துக்கு மட்டுமே அல்லது முதன்மையாக அதற்கே பயன்படும் பாகமானால், அந்த இயந்திரத்தோடு அல்லது அதன் பாகங்களுக்குரிய தலைப்பில் சேரும். இது இரண்டாம் படி. இரண்டிலும் அடங்காதவை எஞ்சியவற்றுக்கான தலைப்புகளுக்குப் போகும். முதல் படியில் விடை கிடைத்துவிட்டால் இரண்டாம் படிக்கு இறங்கவே கூடாது. 8538 என்பது 8535, 8536, 8537 ஆகிய தலைப்புகளின் பொருள்களுக்கான பாகங்களைக் கொண்ட தலைப்பு; அதாவது இரண்டாம் படியில் வருவது. உங்கள் முகவர் முதல் படியைத் தாண்டி நேரே அங்கே போய்விட்டார்.

இந்த முறையில் உங்கள் சரக்குப் பட்டியலைப் பிரித்தால் பெரும்பகுதிக்குச் சிக்கலே இல்லை. மைக்ரோகன்ட்ரோலர் ஐ.சி. (ஒருங்கிணைந்த சுற்று) 8542-க்கு உரியது, அந்த ஒன்றுக்கு மட்டும் விற்பனையாளர் எழுதியது சரி. டயோடு, டிரான்சிஸ்டர், ட்ரையாக், எல்.இ.டி., ஆப்டோகப்ளர் ஆகியவை 8541. தனி ரிலே, கான்டாக்டர், ஃபியூஸ், டெர்மினல், கனெக்டர் ஆகியவை 1000 வோல்ட்டுக்கு மேற்படாதவையானால் 8536. எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளை 8504. கனெக்டர் பொருத்திய வயரும் பொருத்தாத வயரும் 8544-இல் வெவ்வேறு துணைத் தலைப்புகள். மின்தடைகள் 8533, இடி மின்னல் காலத்தில் போர்டைக் காக்கப் போடும் எம்.ஓ.வி. வேரிஸ்டரும் அதே 8533-தான். வேரிஸ்டர் குறைகடத்தியால் ஆனது என்பதால் அதை 8541-இல் எழுதுவோர் உண்டு. ஆனால் மின்னழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப மாறும் மின்தடைகள் 8541-இலிருந்து விலக்கப்பட்டவை. திருகு, நட்டு போன்ற பொதுப் பயன்பாட்டு உலோகப் பொருள்கள் ஸ்டார்ட்டருக்காகவே வாங்கியவையானாலும் 85ஆம் அத்தியாயத்துக்குள் வரமாட்டா. உள்ளே எந்தச் சாதனமும் பொருத்தாத, கட்டுப்பாட்டுப் பலகைக்கென்றே வடிவமைத்த காலிப் பெட்டி 8538 10-க்கு உரியது. உங்கள் முகவரின் எண் பொருந்தும் இடம் இது.

மின்தேக்கியில் சற்று நிதானம் தேவை. தலைப்பு 8532 என்பதில் ஐயமில்லை. துணைத் தலைப்பு உள்ளிருக்கும் பொருளையும் அளவையும் பொறுத்தது. போர்டில் பற்றவைக்கும் அலுமினிய எலெக்ட்ரோலிட்டிக் ஓர் இடத்திலும், பல அடுக்குச் செராமிக் மற்றோர் இடத்திலும் நிற்கும். 50/60 ஹெர்ட்ஸ் சுற்றுகளுக்கென வடிவமைத்து, 0.5 கிலோவார் அல்லது அதற்கு மேல் எதிர்வினைத் திறன் தாங்கும் நிலையான மின்தேக்கி 8532 10. மோட்டாருக்குப் போடும் 440 வோல்ட், 50 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 3 கிலோவார் வரும். அதைப் பிளாஸ்டிக் ஃபிலிம் மின்தேக்கி என்று வேறு துணைத் தலைப்பில் எழுதக் கூடாது. டேட்டாஷீட்டில் உள்ள இரண்டு எண்களை வைத்து ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய இந்தக் கணக்கைச் செய்யாமல், நிழற்படத்தைப் பார்த்து எண் போடும் வழக்கம் நம் பகுதியில் அதிகம் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பி.சி.பி. (அச்சிட்ட சுற்றுப் பலகை) விஷயத்தில் வெற்றுப் பலகையையும் உதிரிகள் ஏற்றிய பலகையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 8534 என்பது அச்சு முறையில் உருவான சுற்றுக்கு மட்டும் உரியது. தனித்தனி மின்தடையோ, மின்தேக்கியோ, ஐ.சி.யோ அதில் ஏற்றப்பட்ட கணத்திலேயே அது 8534-ஐ விட்டு வெளியேறிவிடுகிறது. ஏற்றிய பலகையை அது செய்யும் வேலையைக் கொண்டே வகைப்படுத்த வேண்டும்.

உங்கள் ரிலே போர்டு அப்படிப்பட்டதுதான். 8535 அல்லது 8536-ஐச் சேர்ந்த சாதனங்கள் இரண்டோ அதற்கு மேலோ பொருத்தப்பட்டு, மின்சாரத்தைக் கட்டுப்படுத்தவோ பகிர்ந்தளிக்கவோ பயன்படும் பலகை 8537 என்பது அந்தத் தலைப்பின் வாசகம். நான்கு ரிலேக்களும் அவற்றுக்கான டெர்மினல்களும் கொண்ட போர்டு இந்த வாசகத்துக்குள் எளிதாக அடங்குகிறது. 8537-இல் அடங்கும் பொருள் பின்னர் பெரிய ஸ்டார்ட்டருக்குள் போகிறது என்பதால் 8538-க்கு இறங்காது. முன்பு சொன்ன முதல் படி அதைத் தடுக்கிறது. ஆகவே நான்கு ரிலே, எட்டு ரிலே போர்டுகளுக்கு அதிகாரியின் கருத்தை எதிர்ப்பது வீண் செலவு என்பது என் கணிப்பு. ஒரே ரிலே கொண்ட சிறு போர்டுகளும் அதே சரக்கில் இருந்தால், அவற்றைத் தனிப் பதிவாகப் பிரித்து, அவை 8536-ஐச் சேர்ந்த சாதனமே என்று எழுத்தில் வாதிட இடம் இருக்கிறது.

ஜி.எஸ்.எம். மாட்யூல் பார்வைக்குச் சதுரமான பெரிய ஐ.சி. போலவே இருக்கும். 85ஆம் அத்தியாயக் குறிப்பில் ஐ.சி. என்பதற்கு இறுக்கமான வரையறை உண்டு. 2017 முதல் பல உறுப்புகள் சேர்ந்த ஐ.சி.களையும் அது ஏற்கிறது என்றாலும், அவை பிரிக்க இயலாதபடி ஒரே உடலாக அமைந்திருக்க வேண்டும். சிறு பி.சி.பி. ஒன்றின் மேல் தனித்தனியாகப் பற்றவைத்த சிப்புகளையும் படிகத்தையும் ஓர் உலோக மூடியால் மூடிய அமைப்பை அந்த வரையறைக்குள் கொண்டுவருவது கடினம். எனவே தொலைபேசி, தரவுத் தொடர்புக் கருவிகளுக்கான 8517. அதற்குள் தரவை அனுப்பிப் பெறும் கருவிகளுக்கான 8517 62-ஆ, பாகங்களுக்கான துணைத் தலைப்பா என்பதில் இந்நாட்டில் பெருநிறுவனங்களே சுங்கத் துறையோடு வழக்காடி வருகின்றன. தானே கைப்பேசி வலையமைப்போடு இணைந்து தரவை அனுப்பிப் பெறும் மாட்யூலைப் பாகம் என்று நிலைநாட்டுவது எளிதல்ல என்றே நான் கருதுகிறேன். தனியாக வரும் ஆன்டெனா மட்டும் 8517 71.

சரக்கில் உணர்விகள் இருந்தால் அவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். தொட்டியிலோ கிணற்றிலோ நீர்மட்டத்தை அளந்து காட்டும் உணர்வி 9026. அளந்ததோடு நில்லாமல், விரும்பிய மட்டத்துக்குக் கொண்டுவந்து அதிலேயே நிலைநிறுத்தும்படி அமைந்த தானியங்கிக் கருவி 9032. இவை 90ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடுவதால் மேலே சொன்ன 16ஆம் பகுதிக் குறிப்பு இவற்றைத் தொடாது.

இங்கே நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு முழு ஸ்டார்ட்டருக்குத் தேவையான ஏற்றிய போர்டு, பெட்டி, வயர், கனெக்டர் எல்லாம் ஒரே சரக்கில் சம எண்ணிக்கையில் வந்து, இங்கே திருகு முடுக்கினால் போதும் என்ற நிலையில் இருந்தால், பொது விளக்க விதிகளில் 2(அ) விதியின்படி அதைப் பிரித்த நிலையில் வந்த முழுப் பொருளாகவே கருதுவார்கள். அப்போது உதிரிகளின் தனி எண்களுக்கு வேலையே இல்லை. உங்களுடையது ரீல்களில் வரும் உதிரிகளை வெற்றுப் பலகையில் பற்றவைத்து, நிரல் ஏற்றி, சோதித்து முடிக்கும் தயாரிப்பு என்றால் அந்த விதி எட்டாது என்பதற்கு நல்ல வாதம் உண்டு. வேலை எங்கே நடக்கிறது என்பதைக் காட்டும் படிநிலைக் குறிப்பு ஒன்றைப் பட்டறையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கைச் சுருக்கமாகப் பார்ப்போம். தகவல் தொழில்நுட்பப் பொருள்கள் பற்றிய 1996ஆம் ஆண்டு உலக வர்த்தக அமைப்பு உடன்பாட்டில் இந்தியா சேர்ந்ததன் விளைவாக 8532, 8533, 8534, 8542 ஆகியவற்றுக்கும், சூரிய மின்கலம் போன்றவை நீங்கலாக 8541-க்கும் பொதுவாக அடிப்படைச் சுங்க வரி இல்லை. 8536, 8537 போன்றவற்றுக்கு வரி உண்டு. 1,00,000 ரூபாய் மதிப்புள்ள பொருளுக்கு அடிப்படை வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 10,000 ரூபாய். அதன் மேல் சமூக நலக் கூடுதல் வரி 10 சதவீதம், 1,000 ரூபாய். 1,11,000 ரூபாய்க்கு 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கு விழும் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.) 19,980 ரூபாய். அடிப்படை வரி இல்லாத பொருளானால் ஐ.ஜி.எஸ்.டி. 18,000 ரூபாய் மட்டும். வழக்கமான ஜி.எஸ்.டி. பதிவு உங்களுக்கு இருந்தால் ஐ.ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரவாக எடுத்து, விற்பனை மீது கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம். சிறு வணிகர்கள் விற்றுமுதலில் ஒரு சிறு வீதத்தைக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் முடியாது. அடிப்படை வரியும் கூடுதல் வரியும் எந்த நிலையிலும் திரும்பாத செலவு. தாக்கல் செய்யும் நாளில் உள்ள வீதத்தை அன்றைய அறிவிப்பாணையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். விற்பனை நாட்டைக் குறிவைத்த பொருள்குவிப்பு எதிர்ப்பு (ஆன்டி-டம்பிங்) வரி ஏதேனும் அந்தப் பொருளுக்கு உண்டா என்பதையும், குறிப்பாக வெற்றுப் பி.சி.பி.க்கு, பார்த்துவிடுங்கள்.

இப்போது நிற்கும் சரக்கைப் பற்றிச் சொல்கிறேன். மேட்டூரில் தண்ணீர் திறக்கும் முன்பே போர்வெல் தண்ணீரைக் கொண்டு நாற்றங்கால் போடுகிறவர்கள்தான் உங்கள் ஸ்டார்ட்டருக்குக் காத்திருப்பவர்கள். ஒரு மாதம் தாமதித்தால் அந்தப் பருவ விற்பனை போய்விடும், விமானச் சரக்கு வளாகத்தில் கிடங்குக் கட்டணமும் ஏறும். தகராறு இல்லாத பொருள்களைச் சரியான தலைப்புகளில் பிரித்துத் திருத்தித் தரச் சொல்லுங்கள். தகராறுள்ள பொருள்களுக்கு 18ஆம் பிரிவின்படி தற்காலிக மதிப்பீடு கேட்டு, பத்திரமும் அதிகாரி கோரும் ஈடும் கொடுத்துச் சரக்கை எடுக்கலாம். அதிகாரியின் எண்ணை நீங்கள் ஏற்காத பொருள்களுக்கு, ஏற்கிறோம் என்ற கடிதத்தை அவசரத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடாதீர்கள். எழுத்தில் ஏற்காத நிலையில், மறுமதிப்பீட்டிலிருந்து 15 நாள்களுக்குள் காரணங்களைக் கூறும் ஆணையை அவர் 17(5) பிரிவின்படி பிறப்பிக்க வேண்டும். அந்த ஆணை கிடைத்த 60 நாள்களுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். தகராறில் உள்ள வரியில் 7.5 சதவீதத்தை முன்வைப்பாகக் கட்ட வேண்டும். இப்போது கட்டிவிட்டுப் பிறகு திருப்பிக் கேட்கலாம் என்று எண்ண வேண்டாம். மதிப்பீட்டை மேல்முறையீட்டிலோ வேறு சட்ட வழியிலோ மாற்றாமல் திரும்பப் பெறும் மனு நிற்காது என்று ஐ.டி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

மெய்ப்பிக்கும் சுமை யாருடையது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். நீங்கள் அறிவித்த தலைப்புக்குப் பதிலாக வேறொன்றைத் துறை சொல்லும்போது அதை மெய்ப்பிக்க வேண்டியது துறை. உச்ச நீதிமன்றத்தின் 2006ஆம் ஆண்டு எச்.பி.எல். கெமிக்கல்ஸ் தீர்ப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது. வரிவிலக்கு அறிவிப்பாணையைக் கோரும்போது நிலைமை தலைகீழாகிறது. விலக்கு தமக்குப் பொருந்தும் என்று மெய்ப்பிக்க வேண்டியவர் இறக்குமதியாளர், ஐயம் எழுந்தால் அது அரசுக்கே சாதகம் என்று அதே நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2018-இல் திலீப் குமார் வழக்கில் கூறிவிட்டது.

பழைய பொட்டலங்களுக்கு வருகிறேன். குறைவாகக் கட்டிய வரியை 28ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் துறை கேட்கலாம். மறைத்தல், வேண்டுமென்றே தவறாகக் கூறுதல், கூட்டுச்சதி ஆகியவை இருந்தால் அந்தக் காலம் ஐந்து ஆண்டுகளாக நீளும். வரிக்கு நிகரான அபராதமும் சேரும். பொருளின் விவரத்தை உண்மையாக எழுதிவிட்டு, நல்லெண்ணத்தோடு ஒரு தலைப்பையோ விலக்கையோ கோரியது பின்னர் தவறென்று ஆனால், அது மட்டுமே பொய் அறிவிப்பு ஆகாது என்ற நிலைப்பாட்டுக்கு 1998ஆம் ஆண்டு நார்தர்ன் பிளாஸ்டிக் தீர்ப்பு முதல் ஆதரவு இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு விவரம் முழுமையாக இருப்பவருக்கே கிடைக்கும். ‘ரிலே போர்டு, 4 ரிலே, 12 வோல்ட்’ என்று எழுதி 8542 என்ற தவறான எண்ணைப் போட்டிருந்தால், அதிகாரியின் கண்ணெதிரே இருந்த தவறு என்று நீங்கள் சொல்ல முடியும். ‘எலெக்ட்ரானிக் பாகங்கள்’ என்று எழுதி வரியில்லாத எண்ணைப் போட்டிருப்பதால், அதை மறைத்தல் என்று துறை வாதிட வழி திறந்திருக்கிறது. அந்த ஒற்றை வரியைக் கண்டு நான் கவலைப்பட்டது இதனால்தான்.

ஆகவே துறையின் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கடந்த பொட்டலங்களின் விலைப்பட்டியல், கூரியர் பில், விற்பனையாளரோடு நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றை எடுத்து, ஒவ்வொரு பொருளையும் அதன் தலைப்பில் மறுபடி பிரித்து, குறைந்த வரி எவ்வளவு என்று கணக்கிடுங்கள். நோட்டீஸ் வருவதற்கு முன் அந்த வரியை 15 சதவீத ஆண்டு வட்டியோடு தாமாகக் கட்டி, அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்தால், சாதாரணக் குறைவுக்கு அபராதமின்றி முடிக்க 28ஆம் பிரிவே இடம் தருகிறது. 2025ஆம் ஆண்டு நிதிச் சட்டம் சேர்த்த 18ஏ பிரிவும் சரக்கு விடுவித்த பிறகு இறக்குமதியாளர் தாமே பதிவைத் திருத்த வழி செய்திருக்கிறது. தணிக்கையோ சோதனையோ தொடங்கி உங்களுக்குத் தெரிவித்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். சிறு தொகை என்று விட்டுவிடுவதை நான் எந்த வாடிக்கையாளருக்கும் பரிந்துரைப்பதில்லை.

அடுத்த ஆர்டருக்கு முன் விற்பனையாளரிடம் மூன்றைக் கேட்டுப் பெறுங்கள்: ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பதிவு கொண்ட விலைப்பட்டியல், அதில் தயாரிப்பாளரின் பாக எண், அந்த எண்ணுக்கு உரிய டேட்டாஷீட். பெயர், வேலை, மின்னழுத்தம், போர்டானால் அதில் ஏறியுள்ளவை என்ற அளவுக்கு விவரம் இருந்தால் தலைப்பைப் பற்றிய கேள்விகளில் பெரும்பாலானவை எழவே மாட்டா. ஜி.எஸ்.எம். மாட்யூல் ரேடியோ அலையில் இயங்குவதால், தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு வழங்கும் கருவி வகை ஒப்புதல் அந்த மாடலுக்கு இருக்கிறதா என்பதையும் ஆர்டருக்கு முன்பே பார்க்க வேண்டும். தலைப்பு சரியாக இருந்தும் இந்த ஒப்புதல் இல்லாமல் சரக்கு நின்றுவிடும்.

தொடர்ந்து ஒரே வகைப் போர்டை வரவழைக்கப் போகிறீர்கள் என்றால், தலைப்பை இறக்குமதிக்கு முன்பே தீர்மானித்துத் தரும், மும்பையிலும் தில்லியிலும் உள்ள சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தை அணுகுவது நல்லது. கட்டணம் 10,000 ரூபாய். மூன்று மாதங்களுக்குள் தீர்ப்பு தர வேண்டும். சட்டமோ பொருளின் தன்மையோ மாறாதவரை, சட்டம் குறித்த சில ஆண்டுகளுக்குச் செல்லும். உங்கள் வரையில் அது துறையையும் கட்டுப்படுத்துவதால், சரக்கைச் சென்னையில் இறக்கினாலும் திருச்சியில் இறக்கினாலும் அதே தலைப்புதான். உங்கள் கோப்பில் ஏற்கெனவே அதிகாரி முன் நிலுவையில் உள்ள கேள்வியை ஆணையம் எடுத்துக்கொள்ளாது. ஆகவே இப்போதைய நான்கு ரிலே போர்டுக்கு அந்த வழி இல்லை. அடுத்து வடிவமைக்கப் போகும் புதிய போர்டின் சுற்று வரைபடம் முடிந்தவுடன், முதல் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.